இரண்டு டம்ளர் கஞ்சி

ஜூலை 8
டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். நான் நிறுத்தியே விட்டேன். இனி வீட்டுக்காரருக்குக் காலையும் இரவும் இரண்டு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி. சர்க்கரை இறங்கினால்தான் இடது கால் கட்டைவிரல் புண் ஆறுமாம். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டுமாம்.

ஜூலை 19
மாத்திரையைக் கூட்டியும் காலைக் கஞ்சிக்குப் பிறகு சர்க்கரை 312. குடித்ததும் சொக்கி விழுகிறார், எழுந்ததும் பசி என்கிறார். கஞ்சி குடிக்கிறவருக்கு எப்படி ஏறும்? ஃபேக்டரி கேன்டீனில் போண்டாவை உள்ளே தள்ளுகிறார், வேறென்ன.

ஜூலை 20
"சத்தியமா எதுவும் துன்ல தாட்சாயிணி" என்கிறார். இவருக்குச் சத்தியம் சர்க்கரைப் பொங்கல். இனி பேச்சு கிடையாது.

ஜூலை 24
அவரோடு வேலை பார்க்கும் லோகேஷை வேவு பார்க்கச் சொல்லியிருந்தேன். "அக்கா, அண்ணாத்தே கேன்டீன் பக்கமே வர்றதில்ல. டீகூட சக்கரை இல்லாமதான் குடிச்சிகினு கீறாரு." இவனும் கூட்டுக் களவாணி.

ஆகஸ்ட் 2
விரல் கறுத்துவிட்டது.

ஆகஸ்ட் 6
எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 8
ஆஸ்பத்திரியில் என்ன சாப்பாடு, என்ன அளவு என்று சொல்லித்தரும் பெண், நிவேதிதா, வீட்டில் என்ன கொடுத்தேன் என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். எழுதுவதை நிறுத்தினாள்.

"நைசா அரைச்ச மாவுமா. கூழாக் காய்ச்சிட்டா மெல்லவே வேணாம், சட்டுனு ரத்தத்துல ஏறிடும். அதுவும் ரெண்டு டம்ளர். கொஞ்சம் சோறே காய், முட்டையோட குடுத்திருக்கலாம். விரல் போனதுக்கு அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது."

மட்டுமே! ஐயோ, நானா? என் கையாலேயா? போண்டா, போண்டான்னு அந்த மனுஷனைக் கரிச்சுக் கொட்டினேனே —

ஆகஸ்ட் 17
எதிர் குவார்ட்டர்ஸ் பார்வதம் அக்கா இவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். இவர் கட்டிலில் இருந்தபடி, "இவ கஞ்சி இல்லேன்னா காலே பூட்டிருக்கும்" என்றார். அக்கா வீட்டிலும் சர்க்கரையாம், பக்குவம் கேட்டார். சொல்லாமல் விட்டால் அங்கேயும் ஒரு விரல். எல்லாவற்றையும் சொன்னேன், வேவு பார்த்தது வரை. இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 18
மதியம் தட்டை நீட்டினார். ஒரு கரண்டி சோறு, நிறைய அவரைக்காய், முட்டை. இரண்டு மணி நேரம் கழித்து 164. தூங்கவும் இல்லை. மீட்டரை என் பக்கம் திருப்பி, "நோட்டுல எழுதிக்க, போண்டா துன்னேன்னு" என்றார்.

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.