அம்மா ஏறாமல் கப்பல் கிளம்பாது

அக்கா,

காலையில் என்னோடு பேசாமலே வேலைக்குப் போய்விட்டாய். அதனால் எழுதி வைக்கிறேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டாச்சு. சாவி பக்கத்து வீட்டு வீரம்மா அத்தையிடம். ரொட்டி மூடியிருக்கிறது. சம்பல் உறைப்பு, கோபத்தில் இருப்பவர்கள் தொட வேண்டாம்.

நேற்று நீ தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வரத் தாமதமானதால்தான் குடும்ப ஜெபத்தை நான் நடத்தினேன். நோவாவின் கப்பல் கதை. கட்டில்தான் கப்பல். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டு மாதிரி பேர் கூப்பிட்டு ஏற்றினேன். தோட்டத்துப் பிள்ளைகளை வேறு எப்படி ஏற்றுவது? கெசியா யானை. ரூபன் குரங்கு, அவனுக்கு நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாய். "ஜெப நேரத்துல என்னடா கூத்து? எறங்குங்க எல்லாரும்!" குரங்கு அழுதுகொண்டே தூங்கியது.

அதற்கு முன்னால் நடந்தது உனக்குத் தெரியாது. "மழை வருது, கதவச் சாத்தப் போறேன்" என்றேன். ரூபன் என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "சாத்தாதீங்க மாமா! அம்மா இன்னும் வரல!" வாசலில் உனக்குக் கேட்ட கூத்து அதுதான்.

நான் ஹட்டனுக்குக் கிளம்புகிறேன், வெள்ளிக்கிழமைதான் வருவேன். இன்றைக்கு ஜெபம் உன் பொறுப்பு, நோவாவும் நீதான். ஜெபப் பாட்டை நீ பாடு, ஆனால் முதலில் கட்டிலில் ஏறு.

– எபி

பி.கு.: கட்டிலின் இடது கால் ஆடுகிறது. நோவா மெதுவாக உட்காரவும்.

இன்னொன்று: ரூபன் உனக்கும் ஒரு மிருகம் வைத்திருக்கிறான். நான் புலி என்றேன். அவன் மான் என்று அடம்பிடித்துவிட்டான்.