எண்பதாம் ஆண்டில் கட்டிய லினக்ஸ்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நேற்று ஆஸ்பத்திரியில் தனியே எழும்பி நின்று கைதட்டினேன். நோயாளர் இலக்கம் காட்டும் சுவர்த்திரை திடீரெனக் கறுத்து, வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடின. “லினக்ஸ் எழும்புது!” என்று கத்தியும் விட்டேன். நேர்ஸ் பிள்ளை பார்த்த பார்வையில் நான் கொண்டுபோன காய்ச்சல் வருத்தமே மாறிவிட்டது. தம்பி, நீர் கண்ணை மூடி மூன்று மாதம். இருந்திருந்தால், “அண்ணை, மானத்தை வாங்காதேங்கோ” என்றிருப்பீர்.

ஊர்காவற்றுறையில் மாதா கோயில் பெருநாளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற எனக்கு, கொம்பியூட்டரை இயக்குகிற லினக்ஸ் என்ற மென்பொருள் தெரிந்ததே உம்மால்தான். யுத்தம் நின்றிருந்த சமாதான காலம். கொழும்புக் கொம்பனி ஒன்று கொம்பியூட்டருக்கு மூளையான சில்லு, ஒரு செயலியை, தானே வடிவமைத்து, அதைப் பொருத்திய மின்சுற்றுப் பலகையை உம்மிடம் தந்திருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத செயலி. ஆயத்தமாகக் கிடைக்கிற லினக்ஸ் அதற்கு ஒத்துவராது. அதற்கென்றே திருத்தி, உமது கொம்பியூட்டரில் கட்டி, அதாவது அந்தச் செயலிக்கு விளங்குகிற வடிவமாக்கி, வயர் வழியாகப் பலகைக்குள் இறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவர்களின் எஞ்சினியர் வருவார். அதற்குள் பலகையில் லினக்ஸ் எழும்பினால் ஊரிலிருந்தே வேலை செய்யலாம். இல்லாவிட்டால் கொழும்புக்குத் திரும்ப வேண்டும்.

“கடல்காத்துப் படாட்டி என்ரை மண்டை ஓடாது அண்ணை” என்றீர்.

ஊரில் கரண்ட் சீரில்லை; என் மண்ணெண்ணெய் ஜெனரேற்றர் உங்கள் முற்றத்தில் நின்று இரைந்தது. நீர் கொம்பியூட்டரில் சாத்திரம் பார்க்கிறீர் என்று ஊர் கதைத்தது. அதைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன்.

பலகை எழும்பவில்லை. கொஞ்ச வரி ஓடும், பிறகு விறைத்து நிற்கும். நீர் பிழை பிடிப்பீர், திருத்துவீர், திரும்பக் கட்டுவீர். அதே இடத்தில் அதே விறைப்பு. நானென்றால் பலகையைக் கடலில் எறிந்திருப்பேன். நீர் தேத்தண்ணி கேட்டீர்.

உமது கொம்பியூட்டரின் மணிக்கூட்டு பற்றரி செத்திருந்தது. கரண்ட் நின்று வரும்போதெல்லாம் அது 1980 என்று காட்டும். மாத்தட்டோ என்று கேட்டேன்.

“இருக்கட்டும் அண்ணை. அந்த வருசத்திலை இஞ்சை ஒருத்தரும் இன்னும் இடம்பெயரேல்லை.”

கட்டும்போது, சில கோப்புகள் எதிர்காலத் தேதியில் இருப்பதாக எச்சரிக்கை வரும். “கேட்டீங்களோ, எங்களுக்கு எதிர்காலம் இருக்குதாம்!” என்பீர். வயிறு நோகச் சிரிப்போம்.

வியாழன் காலை, எரிச்சலில், முதல் வரியாக உமது பெயரைக் காட்டும்படி எழுதினீர். பெயர் வரவில்லை. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினீர். “நான் திருத்தினது ஒண்டும் உள்ளுக்குப் போகேல்லை!”

முதல்முறை கட்டியது கொழும்பில், சரியான தேதியில். கட்டுகிற மென்பொருள் தேதி பார்க்கும். முன்பு கட்டியதைவிடப் புதிய கோப்பை மட்டுமே திரும்பத் தொடும். ஊரில் நீர் திருத்தியதெல்லாம் 1980. பழசென்று ஒதுக்கிவிட்டது. வேறொருவர் பற்றரியைத் திட்டியிருப்பார். நீர் உம்மைப் பார்த்தே சிரித்துவிட்டு, தேதியைச் சரியாக்கி, பழையதெல்லாம் அழித்து, அடியிலிருந்து கட்டினீர்.

வெள்ளிக்கிழமை எஞ்சினியர் வாசலில் சப்பாத்துக் கழற்ற, வரிகள் விறைக்காமல் ஓடி முடிந்து, கடைசியில் # என்ற குறி வந்து நின்றது. “என்ன செய்யட்டும் எண்டு கேட்டு நிக்குது” என்றீர்.

உம்முடைய அம்மா எட்டிப் பார்த்தா. “இந்த வேலித்துண்டுக்கோ இவ்வளவு மண்ணெண்ணெய்?”

கொழும்புக்கு நீர் திரும்பவில்லை. இப்போது யாரும் நான் சொன்னதைச் செய்யாவிட்டால் நான் கத்துவதில்லை. சொன்னது உள்ளே போனதா என்று முதலில் பார்க்கிறேன்.

அந்தச் செயலி பிறகு லிஃப்டுகளில் மாடி இலக்கம் காட்டப் போனது. ஊர்காவற்றுறையில் ஒரு லிஃப்டும் இல்லை. கொழும்பில் இருந்த காலத்திலும், லிஃப்டுக்குப் பயந்து, நீர் படியால்தான் ஏறினீராம்.