படத்தில் விழாத வலி

மாதா துணை

கீழ்வேளூர்
28.12.1995

அன்பு மகள் விண்ணரசிக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை. தஞ்சாவூர் ஸ்கேன்படி சுகம், உன் மதலைமுத்து மாமா சொல்படி சுகம், இப்போது கோர்ட்டுப்படியும் சுகம். என் இடுப்பு ஒன்றுதான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை வந்தது, அலமாரி மேலே வைத்திருக்கிறேன். சிவப்பு மாடு கன்று போட்டது, காளைக்கன்று. மேட்டூரில் தண்ணீர் இல்லை, சம்பா தண்டு உருண்டு கதிர் கட்டுகிற நேரத்தில் வாய்க்கால் காய்கிறது, என்ன ஆகுமோ. போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், நீ அனுப்பிய ஸ்கேன் நகலை எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் காட்டினேன், எலும்பு நரம்பு எல்லாம் சுத்தமாக இருக்கிறது, பயப்படாதே அம்மா, தனியாக இருப்பதால் மனசுதான் அப்படிக் காட்டுகிறது என்று. நீ ஆறுதலுக்குத்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் படித்ததும் அழுதுவிட்டேன். இடது இடுப்பில் பிடித்து, தொடை வழியாக இறங்கி, மிளகாய் அரைத்துப் பூசினாற்போலக் குதிகால் வரை எரிகிறது. இது மனசு என்றால் மனசு எப்போதடி குதிகாலுக்குக் குடிபோயிற்று?

உன்னைக் குற்றம் சொல்லவில்லை, எனக்கே சில நேரம் சந்தேகம் வருகிறது. சேற்றில் குனிந்து நடும்போது அவ்வளவாகத் தெரிவதில்லை, வரப்பேறி நிமிர்ந்தால் பிடித்துக்கொள்கிறது. உட்கார்ந்தால் வலி, படுத்தால் அதைவிட வலி. வேலை செய்தால் குறைகிற வலி எங்கேயாவது உண்டா, பாசாங்கு செய்கிறவளுக்கு இதற்கு நேர்மாறாக அல்லவா வலிக்க வேண்டும் என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். மாமா இதைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்கு வயலில் ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்தால்தான் படுக்கையும் முனகலும் என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறான். என் கூடப் பிறந்தவன் வாய்க்குப் பூட்டு ஏது. அது பண்ணைக் காரியஸ்தர் அமிர்தலிங்கம் காதில் விழுந்து, அவர் பண்ணையாரிடம் ஓதி, மரியபுஷ்பம் படுத்துவிட்டாள், ஆளை விட்டுத்தான் சாகுபடி நடக்கிறது, குத்தகையை ரத்து செய்து நிலத்தை ஒப்படைக்க வேண்டும் என்று ரெவின்யூ கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார்கள். இதை நான் உனக்கு அப்போது எழுதவில்லை, நீ அங்கே தூங்கமாட்டாய் என்று.

வக்கீல் அப்துல் அஜீஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். குத்தகைக்காரர் தானோ தன் குடும்பத்தாரோ வயலில் இறங்கி உடம்பால் பாடுபட வேண்டுமாம், அப்போதுதான் சட்டம் காப்பாற்றுமாம். உன் அப்பா போன பிறகு குடும்பம் என்று இங்கே இருப்பது நான் ஒருத்திதான். என் இடுப்பு நின்றால் நிலம் நிற்கும். நான் அழுதுகொண்டே ஸ்கேனை அவரிடம் காட்டி, இதில் ஒன்றும் விழவில்லை, ஆனால் வலி உயிர் போகிறது என்றேன். அவர் பாதிதான் கேட்டார். இதைவிட நல்ல சாட்சி நமக்கு வேண்டாம்மா என்று வாங்கிக் கேஸ் கட்டோடு வைத்துக்கொண்டார். எந்தப் படத்தைப் பார்த்து நான் அழுதேனோ அதைப் பார்த்து அவர் சிரித்தார். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

கோர்ட்டில் அதிகாரி, உடம்புக்கு ஏதாவது குறை உண்டாம்மா என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துத்தானா கால் அப்படி இழுக்க வேண்டும். இல்லீங்கய்யா என்றேன். பியூன் பாவம் பார்த்து நாற்காலி எடுத்துப் போட்டான், வேண்டாம் தம்பி, நின்றே பழக்கம் என்று சொல்லிவிட்டேன். அந்த நாற்காலியை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொன்னேன். மெஷினே ஒன்றுமில்லை என்னும்போது நீ சொன்னது எப்படிப் பொய்யாகும் என்று அவர் என்னையே திருப்பிக் கேட்கிறார். நான் சொன்னது மெய் என்றால் வலி பொய், வலி மெய் என்றால் நான் பொய்க்காரி. எதற்காக மன்றாடுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஜெபமாலை சொல்லி வைத்தேன்.

பிறகு நடவன்று, நானே வயலில் இறங்குகிறேனா என்று பார்வையிட ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. வந்தார், கூடவே காரியஸ்தரும். நடவுக்கூட்டத்து ராஜம்மாள் என்னைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். நட்டு முடிக்கிற வரை ஒன்றுமில்லை. கரையேற வேண்டும், அங்கேதான் எனக்கு உயிர் போகும், அவர்கள் இருவரும் வரப்பில் நின்று என்னையே பார்க்கிறார்கள். காலைத் தூக்குகிறேன், வரவில்லை. அப்போது ராஜம்மாள் சேற்றில் வழுக்கி, அக்கா புடி புடி என்று என் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேருமாகத் தட்டுத்தடுமாறி ஏறினோம். இத்தனை வருஷம் நடவு நட்டவள் வழுக்கி விழுகிறாயே என்று ஆர்.ஐ. அவளைக் கேலி செய்தார், அவளும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் அவளைத் தாங்கினேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள்தான் என்னைத் தூக்கினாள் விண்ணரசி. அவளிடம் நான் வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவளும் இன்றுவரை கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அதற்காகத்தான் அழுதேன்.

போன வாரம் தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம். மனுதாரர் சொல்வது போல் எந்த உடல் குறையும் இல்லை, திடமாக இருந்து தாமே சாகுபடி செய்கிறார் என்று எழுதியிருக்கிறதாம். மாமாதான் முதல் ஆளாக லட்டு வாங்கி வந்து, நான் அப்போதே சொன்னேனே, உனக்கு ஒன்றுமில்லை என்று என் வாயில் ஊட்டினான். தின்றேன், வேறென்ன செய்ய. பண்ணையார் அப்பீல் போவாராம், அதுவரை நொண்டாமல் நடங்கள், இந்த ஊர் டாக்டரிடம் போகாதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆக, இனிமேல் இந்த ஊரில் எனக்கு வலிக்கவே கூடாது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உடனே வேலையை விட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடாதே, உன் சம்பாத்தியத்தில் இன்னொரு ஸ்கேனும் வேண்டாம். என் வலிக்குப் பெயர் கண்டுபிடிக்கவும் வேண்டாம். வலிக்கிறதா அம்மா என்று கடிதத்தில் ஒரு வரி கேள், அது போதும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடித்துத் தலைக்குக் குளிக்காதே. மாதா உன்னைக் கண்போலக் காப்பாளாக. முக்கியமாக ஒன்று. மூஸா பாய் கடைக்கு நீ போன் போடும்போது அங்கே நாலு பேர் நிற்பார்கள், அமிர்தலிங்கமும் நிற்பார். நான் சத்தமாக, நல்லா இருக்கேன்டி, எனக்கென்ன குறைச்சல் என்றுதான் சொல்லுவேன். நீயாவது அதை நம்பிவிடாதே.

உன் ஆசை அம்மா
மரியபுஷ்பம்