லிட்டில் மார்வுட்டில் எல்லாம் இருக்கிறது

1975 ஏப்ரல் 6, ஞாயிறு

குளிர். கூரைப் பீலியில் அடைத்துக் கிடந்த இலைகளைக் காலையில் அள்ளினேன். பக்கத்து வீட்டு மிஸிஸ் ப்ரூவெட் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எழுபத்தெட்டு வயது, தனி ஆள். மெல்பேணுக்கு முன் எங்கே இருந்தீர்கள் என்றார். இங்கிலாந்தில், வீதி எஞ்சினியர் வேலை, லிட்டில் மார்வுட் என்று ஒரு சின்னக் கிராமம் என்றேன். முற்றம் கூட்டிய தும்புத்தடி அவர் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"நான் பிறந்த ஊர்!"

ஒரு வருடமாக அடுத்த வீடு. இன்றுதான் முதல் முறை தேநீருக்கு அழைப்பு. மனைவி சரசுவும் வந்தாள்.

முதல் கேள்வி, முதலாம் உலகப் போரில் செத்தவர்களின் நினைவுக் கல். "என் தம்பி ஆல்பர்ட் ரெய்லியின் பெயர் இருக்கிறதா?" இருக்கிறது. உண்மை. பஸ் தரிப்பு அந்தக் கல்லடியில்தான். இரண்டு மாரி நின்று நின்று அத்தனை பெயரும் மனப்பாடம். அழுதுவிட்டார். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் என் வாயில் 'இருக்கிறது'தான்.

ரெயில் ஸ்டேஷன் - இருக்கிறது. (தண்டவாளமே கழற்றியாயிற்று.)
பள்ளிக்கூடம் - இருக்கிறது. (லண்டன்காரர் ஒருவரின் வார இறுதி வீடு.)
பேக்கரி - பாண் வாசம் சந்தி வரை வரும். (பேக்கரியை நான் கண்டதே இல்லை. வாசம் என் சொந்தச் சரக்கு.)
மாலையில் கதவு தட்டி நலம் விசாரிக்கும் ஊர்ச் சனம் - ஓ, அப்படியேதான்.

வயதான மனுசி. அவர் கேக் என் வாயில். சாப்பிடுகிற வீட்டில் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்று வளர்த்துவிட்டார்கள். சரசு கோப்பையைவிட்டுத் தலை நிமிரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

மழைத் தூறல். பக்கத்து வீட்டு வாசலில் பலகை: வீடு விற்பனைக்கு, சனிக்கிழமை ஏலம்.

வேலியடியில் மிஸிஸ் ப்ரூவெட், கன்னம் சிவந்து. "ஊருக்கே போகிறேன். அங்கே தனியாக இருக்க மாட்டேன். எல்லாம் உங்களால்தான்!"

எல்லாம் என்னால்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

வெயில். உண்மையைச் சொல்லப் போனேன். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். செத்துப்போன கணவரின் செடி வெட்டும் கத்திரிக்கோலை என் கையில் வைத்து, "உங்களுக்குத்தான்" என்றார். நன்றி சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். வெட்கங்கெட்டவன்.

சரசு குசினியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். திங்கள் வருடப்பிறப்பு. கத்திரிக்கோலைக் கண்டதும் வெடித்தாள்.

"கேக்குக்கு வாயைத் திறந்தனீங்கள். உண்மைக்குத் திறக்க ஏலாதோ? அந்தக் கிழவி அங்க போய் ஆரோட கதைக்கப்போறா?"

"நாளைக்குச் சொல்லுறன்."

"நாளையிண்டைக்குச் சனி, வீடு போயிடும். நானும் வாறன்."

ஏப்ரல் 11, வெள்ளி

சொன்னேன். கதிரையில் இருக்கவில்லை, தேநீர் தொடவில்லை. ஸ்டேஷன், பள்ளிக்கூடம், பேக்கரி, ஒவ்வொன்றாக. பஸ் நாளுக்கு இரண்டு. தபால் கந்தோர் வாரத்தில் இரண்டு காலை. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மிஸிஸ் ப்ரூவெட் அடுக்கிய பெட்டியை மூடி வைத்தார். பிறகு, "அந்த இரண்டு வருடமும் உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள்?" என்று கேட்டார்.

சரசுதான் ஆங்கிலத்தில் சொன்னாள்: "யாரும் வரவில்லை. பஸ் டிரைவர் மட்டும் குட் மோர்னிங் சொல்லுவார்."

அவர் முகம் சிவந்தது. ஜன்னல் வழியே எங்கள் வேலியைப் பார்த்தார். "நானும் அந்த ஊர்க்காரிதான்" என்றார்.

புறப்பட்டோம். கதவடியில் கேட்டார்: "ஆல்பர்ட்டின் பெயர்? அதுவும் என் மனம் குளிரச் சொன்னதா?"

"அது உண்மை."

"சரி, சரி" என்று தலையாட்டினார். நம்பாத, ஆனால் என்னை நோகடிக்க விரும்பாத தலையாட்டல். அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

ஏப்ரல் 12, சனி

காற்று. ஏலம் இல்லை. ஏஜென்ட் பலகையைப் பிடுங்கிக் காரில் எறிந்துவிட்டுப் போனான். அவர் வெளியே வரவில்லை. அவரை ஊருக்குக் கிளப்பியதும் நான், மறித்ததும் நான். தம்பியின் பெயரையும் கல்லிலிருந்து அழித்துவிட்டேன். பால் விட்டுப் பிசைந்த சோற்றில் ஒரு துளி விஷம் என்பார்களே, அதுதான்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. அரை நாள் லீவு. சரசு பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டோடு போனாள். தட்டோடு அவரையும் கூட்டி வந்தாள். குசினியில் இருத்தினாள். எங்கள் வீட்டுக்குள் முதல் முறை. ஒரு முறுக்கு எடுத்தார். மெல்லக் கடித்தார். நான் கதவு நிலையில் நின்றேன்.

என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அந்தக் கல்லில், ஆல்பர்ட்டுக்கு அடுத்த பெயர்?"

"ஜோர்ஜ் சாண்டர்ஸ்."

அந்தப் பெயரை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. முறுக்கைக் கீழே வைத்தார். கண் மட்டும் கலங்கியது.

"ஜோர்ஜுக்கு ஒரு காது கேட்காது" என்றார். "பட்டாளத்துக்கு எப்படித்தான் எடுத்தார்களோ."

கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளினார். அதில் இருந்தேன். சரசு கேத்திலை அடுப்பில் வைத்தாள்.