மணி அடிக்கும்வரை அறிமுகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்தான்.

பெண்ணிய உளவியலாளர் மாநாட்டுக்குப் போனேன். தலைப்பு, "பெண்கள் பேசட்டும், கேட்போம்". என் கவுன்சலிங் வேலை அடுத்த மாதத்தோடு முடிகிறதே, யாராவது வேறு வேலை காட்டுவார்கள் என்று நப்பாசை. அங்கே ஒரு நிகழ்ச்சி: இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்; அடித்ததும் அடுத்த ஆள் வருவார். தொழில் புத்தி விடுமா? "எப்படி இருக்கீங்க?" என்று ஆரம்பித்துத் தொலைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் கொட்டித் தீர்த்தார்கள். ஒரு பேராசிரியை, "உங்ககிட்ட பேசினதும் மனசு லேசாயிடுச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கம்பளி சாக்ஸ் அனுப்பு. ஞாயிறு போனில், நீ அத்தையோடு போட்ட சண்டையைச் சொல்லுமுன், நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு தடவை கேளம்மா. பதில் சொல்ல வருகிறதா பார்க்கிறேன்.

வெளியே கவுன்சலிங்குக்கு அடுத்தவர் காத்திருக்கிறார்.

உன் மகள்