முதலில் யாரிடம் கேட்டீர்கள்

இன்று ஃபரீதா அலுமாரியைத் திறந்து அந்தப் பெட்டியை எடுத்து வைத்தாள். நமுத்த அட்டை வாசம் அடித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நீங்கள் லண்டனில் கண்மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை, கோபப்படக் கூடாதுதான். ஆனாலும் கண்டிக்குப் பக்கத்தில் இந்தக் கெலிஓயாவை விட்டுப் போகும்போது பெட்டியை அவளிடம்தானே கொடுத்தீர்கள்?

அவள் வீட்டில்தான் நாம் இரண்டு பெண்களும் ஒரே அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தோம். நீங்கள் யாழ்ப்பாணம், நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, இருவருக்கும் கண்டியில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. பெட்டியை உங்கள் அண்ணன் லண்டனிலிருந்து அனுப்பியிருந்தார். யாரும் கேள்விப்படாத ஏதோ விளையாட்டு. உள்ளே ஒரு மெல்லிய புத்தகமும் எட்டு முகத் தாயக்கட்டைகளும் மட்டும் கிடந்தன. பலகையைக் காணோம். கடைக்காரன் அண்ணனை ஏமாற்றிவிட்டான் என்றே முடிவு கட்டினோம். ஃபரீதாவின் உம்மா பாவம் பார்த்துக் கரம் பலகையைத் தந்தார். காய் சறுக்க அதில் தூவிய மாவில் கட்டைகள் வழுக்கி ஓடின.

ஒரு கிழமை முழுதும் புத்தகத்தைப் படித்துவிட்டு, பலகையே தேவையில்லை என்றீர்கள். நீங்கள் கதை சொல்வீர்களாம், நாங்கள் அதற்குள் ஆட்களாக நடக்க வேண்டுமாம். யார் வெல்வது என்று கேட்டேன். ஒருவரும் இல்லை என்றீர்கள். இதென்ன கூத்து என்று நினைத்தேன். கிணற்றுத் தண்ணீர் குடித்தால் காய்ச்சல் வருமா என்பதற்குக்கூட அதில் அட்டவணை இருந்தது.

கட்டை உருட்டியதில் ஃபரீதா வாள்வீராங்கனை ஆனாள். எனக்கு விழுந்ததெல்லாம் ஒன்றும் இரண்டும்தான், பயந்தாங்கொள்ளிக் காவல்காரி. கதையில் கொள்ளையர் வரும்போதெல்லாம் அவள் பக்கம் திரும்பி, "இப்ப நீர் என்ன செய்யிறீர்?" என்று கேட்பீர்கள். அவள் வாளை உருவுவாள். என் முறை கடைசியில் வரும். ஒளிந்துகொள்கிறேன் என்பேன். இருவரும் சிரிப்பீர்கள். பக்கத்துப் படுக்கை என்னுடையது, முதல் கேள்வி மட்டும் அவளுக்கு.

பிறகு வந்த கலவரத்தில், தமிழரைத் தேடி உண்மையான கும்பலே வந்தது. ஃபரீதாவும் உம்மாவும் வாசலில் நின்று, இங்கே தமிழர் யாருமில்லை என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் வாள் அவள் கையில்தான். நாம் பின்னறையில் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தோம். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். என் காதருகே கேட்டீர்கள்.

"இப்ப நீர் என்ன செய்யிறீர்?"

"ஒளிஞ்சுக்கிறேன். உங்க கைய விடமாட்டேன்."

நீங்கள் சிரிக்கவில்லை. கும்பல் போன பிறகும் கையை எடுக்கவில்லை.

அடுத்த கிழமை ஊருக்குப் போனீர்கள், பிறகு லண்டன். இன்று ஃபரீதா பெட்டியை என்னிடம் நீட்டி, கொண்டுபோகச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். பெட்டி அவளிடமே இருக்கட்டும். விறகுக்குப் பின்னால் நீங்கள் கேட்டதை இத்தனை வருடமாக அவளிடம் நான் சொன்னதில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.