யாரும் உட்காராத நாற்காலிகள்

அன்பு மகள் நஷ்வாவுக்கு அம்மா இன்ஷிராஹ் எழுதிக்கொள்வது. உன்மீதும் மருமகன்மீதும் என் பேரன்மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். நானும் அப்பாவும் உடம்பால் சுகம், மனதாலும் சுகம் என்று எழுதினால் அது பொய். இதைச் சமையல் மேடையில் வைத்து நின்றபடியே எழுதுகிறேன், உட்கார்ந்தால் உடனே எழுந்துவிடத் தோன்றுகிறது. போனிலேயே சொல்லலாம், ஆனால் போன் கூடத்தில் இருக்கிறது, உன் தங்கை ஷஹீராவும் பாதி நேரம் அங்கேதான் நிற்கிறாள், யாருக்காக நிற்கிறாள் என்று கேட்டால் சண்டைக்கு வருகிறாள். எதிர்வீட்டுப் பையன் வியாழனன்று உன் ஊர் ஹாம்பர்க்குக்குத் திரும்புகிறான், அவனிடம் இதையும் உனக்குப் பிடித்த வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் கொடுத்து அனுப்புகிறேன். கட்டியை உப்புத் தண்ணீரோடே வை, வெளியே எடுத்தால் இரண்டே நாளில் கெட்டுவிடும்.

விஷயம் இதுதான். போன வெள்ளிக்கிழமை மன்சூராவிலிருந்து ஷஹீராவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் ஹாஸிம், இங்கே துமியாத்தில் கணக்கு வாத்தியார், அவள் வேலை செய்யும் மருந்துக்கடையில்தான் பழக்கம், தலைவலி மாத்திரை வாங்கவே வாரத்தில் மூன்று முறை வருவானாம், அவ்வளவு தலைவலியா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கும் பிடித்திருக்கிறது நஷ்வா, வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் வெங்காயம் நறுக்கும்போது பாடுகிறாள். அவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், சம்பந்தத்தை உறுதி செய்யும் ஃபாத்திஹாவை ஓதாமலே கிளம்பிவிட்டார்கள். பையனின் அம்மா ஹாஜியம்மா ஃபிர்தவ்ஸ் வாசலில் நின்று “எது நல்லதோ அதை ஆண்டவன் நடத்தட்டும்”னு சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்களும் இதே வாசலில் இதையேதான் சொன்னார்கள், அதன் பிறகு அவர்கள் நிழல்கூட இந்தப் பக்கம் விழவில்லை. ஷஹீரா முப்பதைத் தாண்டியவள், இதுவும் போனால் அவள் இன்னொரு முறை அலங்கரித்துக்கொண்டு தட்டு ஏந்தி வரமாட்டாள், எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் பாடவும் இல்லை.

எல்லாம் அந்த நாற்காலிகளால் வந்த வினை. உன் பாட்டனார் காலத்து வரவேற்பறைச் சாமான்கள், பொன் முலாம் பூசியவை, உனக்குத் தெரியாதா, விருந்தாளி வந்தால்தான் அந்த அறைக் கதவு திறக்கும், நீயும் தங்கையும் சின்ன வயதில் ஏறி உட்கார்ந்து என்னிடம் வாங்கிய அடி எத்தனை. அவர்கள் வருவதற்கு முன்னால் வெள்ளை உறைகளைத் துவைத்துவிடலாம் என்று கழற்றினேன், தரையில் மாவு மாதிரி மரத்தூள் கொட்டிக் கிடந்தது. நான் துமியாத்தில் நாற்காலி செய்கிறவரின் மகள், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒவ்வொன்றையும் கவிழ்த்தேன். முதுகைப் பிடித்து ஆட்டினால் பசை விட்ட மூட்டு முனகும், காலைத் தட்டினால் நல்ல மரம் கணீரென்னும், பூச்சி தின்ற மரம் பொத்துபொத்தென்னும், பூச்சித் துளையின் உள்பக்கம் கறுத்திருந்தால் அது என்றோ செத்த பூச்சி, வெளுத்துத் தூள் உதிர்ந்தால் இன்றைக்கும் தின்றுகொண்டிருக்கிறது. அடியில் இழுத்துக் கட்டிய பட்டைகள் விரல் பட்டதும் அறுந்தன. மேலே பட்டுத் துணியில் ஒரு சுருக்கம் இல்லை, பொன் முலாம் பளபளக்கிறது, உள்ளே பாதி இல்லை. எட்டில் மூன்றுதான் தேறின. உன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினால் “யாருமே உக்காராத நாற்காலிக்கு என்னடி கேடு வரும், நீ சும்மா பீதியைக் கெளப்பாத”ங்கிறார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் நானும் இத்தனை வருஷமாக அப்படித்தானே நினைத்திருந்தேன். உட்காராததால்தான் யாரும் கவிழ்த்தே பார்க்கவில்லை.

பழுது பார்க்க நாள் இல்லை, வரவேற்பறையைத் திறக்காமல் கூடத்துப் பழைய பலகை மெத்தையில் உட்கார வைத்தால் எங்களை மதிக்கவில்லை என்று போய்விடுவார்கள். அதனால் ஒரு திட்டம் போட்டேன். தேறிய மூன்றும் வந்தவர்களுக்கு, கதவுக்கு எதிர்ப்பக்கம், மரியாதைக்குரிய இடத்தில். மற்றவற்றில் நாங்கள், பாதிப் பாரத்தைக் காலில் தாங்கிக்கொண்டு. கதவோரத்தில் இருந்ததுதான் படுமோசம், பின்னங்கால் வெறும் கூடு, அதில் யாரும் உட்காரக் கூடாதென்று ஒரு பூச்சட்டியை வைத்தேன். ஹாஜியம்மா நல்ல கனத்த சரீரம். உள்ளே வந்தாள், பூச்சட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள், “எனக்கு வாசப்பக்கமே போதும்”னு அதிலேயே உட்கார்ந்தாள். பணிவாம்! நான் ஓடிப்போய் “ஆண்டவன்மேல ஆணை, நீங்க அங்க எதிர்ப்பக்கம் வந்துதான் உக்காரணும்” என்றேன். அவள் “ஆண்டவன்மேல ஆணை, நான் இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்” என்றாள். அவ்வளவுதான், இரண்டு ஆணையும் போட்டாயிற்று, முறித்தால் மூன்று நாள் நோன்பு, இரண்டு பேரும் அசையவில்லை, அடியில் நாற்காலி மட்டும் முனகுகிறது. உன் அப்பா சீலிங்கைப் பார்க்கிறார். அப்போது சர்பத் தட்டோடு உள்ளே வந்த உன் தங்கை தட்டைக் கீழே வைத்துவிட்டு “அத்தை, அந்த நோன்பை நான் புடிக்கிறேன், நீங்க மொதல்ல எழுந்திரிங்க, அந்தக் காலுக்குள்ள மரமே இல்ல, பூச்சி தின்னுடுச்சு” என்றாள். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை, அதற்குள் அத்தை என்றாளடி! அதோடு விட்டாளா, ஹாஜியம்மா எழுந்ததும் நாற்காலியைக் கவிழ்த்தே காட்டினாள், பையன் குனிந்து கட்டை விரலால் அழுத்தினான், விரல் உள்ளே போய்விட்டது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. பிறகு எல்லாரும் கூடத்துப் பலகை மெத்தையில் நெருக்கியடித்து உட்கார்ந்து வெங்காயம் அடைத்த வாத்தைச் சாப்பிட்டோம். ஹாஜியம்மா “துமியாத்துக்காரங்க கஞ்சம், விருந்தாளிகிட்டயே சாப்பிடுறியா, இல்ல வயிறு லேசா படுக்கிறியான்னு கேப்பாங்கன்னு சொன்னாங்க, இங்க சாப்பாடு மலையா இருக்கு, நாற்காலிதான் பட்டினி”ன்னு சொன்னாள். சிரித்துச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா, இன்றுவரை தெரியவில்லை. போனவர்கள் போனவர்கள்தான். உன் அப்பா ஷஹீராவிடம் பேசுவதில்லை, ஷஹீரா என்னிடம் பேசுவதில்லை, நான் உன்னிடம் புலம்புகிறேன்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு அரிசி கழுவப் போனேன், போன் அடித்தது. ஷஹீரா எடுத்தாள், வெளுத்துப்போய் என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹாஜியம்மாதான். சலாம் சொல்லக்கூட விடவில்லை, “வீட்டுக்குத் திரும்பின அன்னிக்கே எங்க நாற்காலி உறைங்களைக் கழட்டிட்டேன், எங்களுதும் அதே கதிதான், உங்களை விட மோசம், ரெண்டு நாற்காலிக்குக் காலே கையோட வந்துடுச்சு. அங்க வச்சுக் கேலி வேற பேசிட்டேன், பதிலுக்கு உங்களை எங்க வீட்டுல எதுல உக்கார வைக்கிறதுன்னு தெரியாமத்தான் இத்தனை நாளா கூப்பிடல” என்று கடகடவெனக் கொட்டினாள். அரிசி கழுவிய ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். “வேற எந்தப் பொண்ணா இருந்தாலும் நாற்காலி நல்லா இருக்கு அத்தைன்னுதான் சொல்லியிருப்பா, நானும் நம்பி உக்காந்து இடுப்பை ஒடிச்சிருப்பேன். அவளைக் கூட்டிட்டு வெள்ளிக்கிழமை வந்துடுங்க சம்பந்தி, ஃபாத்திஹாவைத் தரையில உக்காந்தே ஓதிக்கலாம்” என்றாள்.

சம்பந்தி என்றாள், நஷ்வா. நான் போனை வைக்கவும் மறந்து அழுதேன், கதவைத் தட்டி உன் தங்கையிடம் சொன்னேன், அவள் கதவைத் திறக்காமலே அழுதாள்.

இறைவன் உன் வீட்டை நிறைவாக வைக்கட்டும், பேரனுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். வெள்ளிக்கிழமை மதியம் நீ இருக்கும் இடத்திலேயே இரண்டு கையையும் விரித்து எங்களோடு ஓது, மறந்துவிடாதே. அப்பாவிடம் பேசும்போது நாற்காலிப் பேச்சு மட்டும் வேண்டாம், நல்ல செய்தி கேட்ட வேகத்தில் மனிதர் எதில் போய் உட்கார்ந்தார் என்று நான் எழுதப் போவதில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா இன்ஷிராஹ்
துமியாத்